மேட்டு எருவும் பள்ளத்துப் பீலியும்

(தோட்டத்தில் மாடு வளர்ப்போரும் தாய்மாரும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமொன்றில் எமது நிதியத்தின் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றிய உரை. அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டபடியால் எழுத்தில் தருகிறோம்.)



ஆறு நாள் மலைக்குப் போய் ஏழாவது நாள்தான் துணி துவைக்க, விறகு பொறுக்க, மாட்டுக்குப் புல் அறுக்க நேரம் கிடைக்கும். அந்த நேரத்தையும் விட்டுவிட்டு இந்தப் பிள்ளைக் காம்பராவுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற எண்ணத்தோடுதான் பேச வந்திருக்கிறோம்.

இன்றைக்கு நாம் பேசப் போவது சாணியைப் பற்றி. பின்னால் ஒரு தம்பி சிரிக்கிறார். சிரிக்கட்டும். சாணியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, வாசல் மெழுகவும் மரக்கறிப் பாத்திக்குப் போடவும் நமக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் போட்ட சாணி அதற்குப் பிறகு எங்கே போகிறது? அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

மேல் லயமும் கீழ் லயமும்

சில காலத்துக்கு முன் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். அங்கே மேல் லயத்தில் எட்டுக் குடும்பங்கள் ஆளுக்கு ஒரு மாடு வைத்திருந்தன. கீழ் லயத்தாருக்குத் தண்ணி தருவது ஒரு பீலி. மே மாதம் முதல் பெரு மழை பெய்து இரண்டு மூன்று நாளில் கீழ் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்துவிட்டது. ஒரு பிள்ளை ஆசுபத்திரியில் சேலைன் ஏற்றும் அளவுக்குப் போய்த்தான் பிழைத்தது.

கீழ் லயத்தார் கோபத்தோடு மேலே போனார்கள். "உங்க மாட்டாலதான் எங்க புள்ளைங்களுக்கு இந்தக் கதி. மாட்ட வித்துப்புடுங்க" என்றார்கள். மேல் லயத்தாருக்கும் கோபம் வந்தது. "பீலித் தண்ணியப் போய்ப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. சாணி கலந்தா நாத்தம் வராதா, நிறம் மாறாதா? உங்க வீட்டு ஈயையும் கக்கூசையும் பாருங்க, மாட்டச் சொல்லாதீங்க" என்று திருப்பிக் கொடுத்தார்கள். தீபாவளிக்குப் பலகாரம் மாற்றிக்கொண்ட குடும்பங்கள் முகம் பார்க்காமல் போயின.

இரண்டு பக்கத்தையும் கூட்டிக்கொண்டு நாங்கள் பீலியிலிருந்து மேலே ஏறினோம். ஊற்றுக் கண்ணிலிருந்து ஐம்பது அடி கூட இல்லை, எட்டு மாட்டுச் சாணமும் ஒரே குவியலாக மழையில் நனைந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் புல்லுப் பாத்தி. மழை வருவதற்கு முதல் வாரம்தான் பாத்தி முழுக்கப் பச்சைச் சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். நல்லெண்ணத்தோடு செய்ததுதான். புல் செழித்தால்தானே மாடு கறக்கும்?

யார் சொன்னது சரி என்று எங்களைக் கேட்டார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் பாதி சரி, பாதி தவறு என்றோம். அது எப்படி என்று விளங்க வேண்டுமானால் ஊற்று எங்கே பிறக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஊற்று பிறக்கும் இடம்

நமது மலைகளில் மேலே மண். அதற்குக் கீழே உக்கிப்போன கல்லும் மண்ணும் கலந்த படை. அதற்கும் கீழே கடும் பாறை. கான் வெட்டியவர்களுக்கும் கிணறு தோண்டியவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். பெய்கிற மழையில் ஒரு பங்கு மேலாக ஓடிக் கானில் விழுகிறது. இன்னொரு பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது. உக்கிய கல் வழியாகக் கீழே போய்ப் பாறையில் முட்டி, பாறையின் மேலேயே சரிந்து சரிந்து வந்து, இடம் கிடைத்த இடத்தில் வெளியே எட்டிப் பார்க்கிறது. அதைத்தான் ஊற்று என்கிறோம். அதில் ஒரு குழாயையோ மூங்கிலையோ செருகினால் பீலி.

ஆகவே ஊற்றுத் தண்ணி பிறப்பது பீலிக்கரையில் அல்ல. அதற்கு மேலே இருக்கிற முழுச் சரிவிலும் பிறக்கிறது. அந்தச் சரிவில் எதைப் போட்டாலும், மாட்டெருவோ கக்கூசுக் குழியோ தேயிலைக்குப் போடும் உரமோ, அதன் வழியாக வந்த மழைதான் நம் குடத்தில் விழுகிறது.

"அப்ப மண்ணு வடிகட்டாதா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. மண் வடிகட்டும். ஆனால் எல்லாவற்றையும் வடிகட்டாது. வீட்டில் இஞ்சி தட்டிப் போட்டு, சீனியும் போட்டுத் தேத்தண்ணி வடிக்கிறீர்கள். வடியில் தேயிலைத் தூளும் இஞ்சி நாரும் நிற்கும். சீனி நிற்குமா? நிற்காது. கரைந்த பொருள் தண்ணியோடு இறங்கிவிடும். மண்ணும் அந்த வடியைப் போலத்தான். சாணியின் சக்கை, நிறம், நாற்றம் எல்லாம் மண்ணில் நின்றுவிடும். கிருமிகளிலும் பெரும் பகுதி நிற்கும். ஆனால் சாணத்திலிருந்து உண்டாகும் ஒரு உப்பு மட்டும் சீனி மாதிரி இறங்கிவிடும். அதன் பெயர் நைத்திரேற்று.

இதனால்தான் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கிறது என்ற வாதம் எடுபடாது. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, நாக்குக்கும் தெரியாது. கிருமியையும் கண்ணால் பார்க்க முடியாது.

இரண்டு விதமான கெடுதி

மாட்டெருவால் நிலத்தடித் தண்ணிக்கு வரக்கூடிய கெடுதி முக்கியமாக இரண்டு.

ஒன்று கிருமி. ஆழமான நல்ல மண்ணாக இருந்து மழையும் மெதுவாகப் பெய்தால், சில அடி மண்ணுக்குள் கிருமிகள் தங்கிச் செத்துவிடும். ஆனால் மண் படை மெல்லியதாக இருந்தால், பாறையில் வெடிப்பு இருந்தால், எலி வளை, கறையான் புற்று, செத்த மரத்து வேர்த் துவாரம் இருந்தால், அடை மழையில் சாணித் தண்ணி வடிபடாமலே குறுக்கு வழியில் ஊற்றுக்குப் போய்ச் சேரும். ஆண்டு முழுவதும் சுத்தமாக இருக்கிற பீலி, பெரு மழைக்குப் பிறகு மட்டும் நோய் தருவது இதனால்தான்.

இரண்டாவது நைத்திரேற்று. சாணத்திலும் மூத்திரத்திலும் நைதரசன் இருக்கிறது. பயிருக்குப் பச்சை கொடுப்பது அதுதான். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் சிறிது சிறிதாக நைத்திரேற்றாக மாற்றுகின்றன. புல்லும் செடியும் அதை உறிஞ்சி வளர்கின்றன. புல் உறிஞ்சும் அளவுக்குப் போட்டால் ஒரு குற்றமும் இல்லை. அதற்கு மேலே போட்டால் மிச்சத்தை மண் பிடித்து வைக்காது. அடுத்த மழை அதைக் கீழே கொண்டு போய்விடும்.

நமது மலைநாட்டில் மழை அதிகம். அதனால் நைத்திரேற்று கரைந்து குறையவும் வாய்ப்பு உண்டு. ஆகவே நமக்கு முதல் ஆபத்து கிருமி, இரண்டாவது நைத்திரேற்று என்று வைத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்திலும் கற்பிட்டி மணல் நிலத்திலும் நிலைமை வேறு. அங்கே கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காரணம் பெரும்பாலும் தோட்டப் பயிர்களுக்குப் போடும் உரமும், கிணற்றுக்கு அருகே அமைந்த மலசலகூடக் குழிகளும். எந்தப் பண்டத்தால் வந்தாலும் நிலத்துக்குள் போகும் வழி ஒன்றுதான்.

கனடாவில் நடந்தது

இதெல்லாம் ஏழை எளிய ஊர்களில் நடப்பது, வசதியான நாடுகளில் நடக்காது என்று நினைக்க வேண்டாம். கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் வோக்கர்ட்டன் என்று ஒரு சிறு நகரம். சுமார் 4,800 பேர். குழாய்த் தண்ணி வசதி உள்ள ஊர். அந்தத் தண்ணி நிலத்தடிக் கிணறுகளிலிருந்து எடுக்கப்பட்டது.

அந்தக் கிணறுகளில் ஒன்று ஆழம் குறைந்தது. அதைச் சுற்றி மண் படை மெல்லியது, கீழே வெடிப்புள்ள பாறை. அதற்கு அருகில் ஒரு மாட்டுப் பண்ணை இருந்தது. 2000ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் அந்தப் பண்ணை நிலத்தில் மாட்டெரு பரப்பினார்கள். மே மாதம் 8ஆம் திகதியிலிருந்து 12ஆம் திகதி வரை அங்கே விடாமல் மழை. எருவில் இருந்த ஈ-கோலை வகைக் கிருமி மண் வழியாகக் கிணற்றுக்குள் இறங்கியது. கிணற்றுத் தண்ணியில் குளோரின் போதிய அளவு கலக்கப்படவில்லை. அளந்து பார்க்க வேண்டியவர்கள் அளக்காமலே கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். மொத்தம் 2,300 பேருக்கு மேல் நோயாளிகளானார்கள். ஏழு பேர் இறந்தார்கள். சிறு பிள்ளைகள் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது.

பின்னர் அரசாங்கம் ஒரு நீதியரசரை வைத்து விசாரித்தது. 2002ஆம் ஆண்டு அறிக்கை வந்தது. அந்தப் பண்ணைக்காரர் மீது குற்றமில்லை, அவர் எருவை முறைப்படிதான் பயன்படுத்தினார் என்று அறிக்கை சொன்னது. இதை நன்றாகக் கவனியுங்கள். எருப் போட்டவர் கெட்டவர் அல்ல, கவனமில்லாதவரும் அல்ல. ஆனாலும் உயிர்கள் போயின. ஏனென்றால் கிணறு இருந்த இடம் அப்படி. அதைக் காவல் காக்க வேண்டியவர்களும் காக்கவில்லை.

மேல் லயத்து மாட்டுக்காரர்களுக்கும் கீழ் லயத்தாருக்கும் நாங்கள் சொன்னது இதைத்தான். யார் குற்றம் என்று தேடிக்கொண்டிருந்தால் சண்டைதான் மிஞ்சும். எந்த இடத்தில் எரு கிடக்கிறது, எந்த நேரத்தில் போட்டோம், தண்ணியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால் வழி பிறக்கும்.

கைக்குழந்தை உள்ள வீடு

நைத்திரேற்றால் பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைகளுக்குத்தான் பெரிய ஆபத்து. அதுவும் போத்தல் பால் குடிக்கும் குழந்தைகளுக்கு. மாவைக் கரைக்கும் தண்ணியில் நைத்திரேற்று அதிகமாக இருந்தால், குழந்தையின் இரத்தம் உடம்புக்குக் காற்றைச் சரியாகக் கொண்டு போகாது. உதடும் நகமும் நீலம் பாயும். மூச்சு வாங்கும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

1945ஆம் ஆண்டு அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஹண்டர் கொம்லி என்ற வைத்தியர் இதைக் கண்டுபிடித்து எழுதினார். அவரிடம் வந்த குழந்தைகள் பண்ணை வீட்டுக் குழந்தைகள். கிணற்றுத் தண்ணியில் பால் கரைத்துக் கொடுத்திருந்தார்கள். அதன் பிறகுதான் குடிதண்ணிக்கு ஓர் அளவு வைத்தார்கள். ஒரு லீற்றர் தண்ணியில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. நமது நாட்டுக் குடிநீர்த் தரமும் அதையே சொல்கிறது. ஈ-கோலைக் கிருமியைப் பொறுத்தவரை 100 மில்லிலீற்றர் தண்ணியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

தாய்மார் இன்னொரு விசயத்தையும் மனதில் வைக்க வேண்டும். தண்ணியைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் நைத்திரேற்று போகாது. தண்ணி வற்ற வற்ற நைத்திரேற்றின் அளவு கூடத்தான் செய்யும். ஆகவே குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுப்பதே நல்ல காவல். தாய் குடித்த தண்ணியில் இருக்கும் நைத்திரேற்று தாய்ப்பாலில் பெரிதாகச் சேருவதில்லை. மலைக்குப் போகிற தாய்மாருக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எமக்குத் தெரியும். பால் கொடுக்கும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

மாடு கொடுக்கும் யூரியா

இத்தனையும் கேட்டு மாடு வைத்திருப்பவர்கள் பயந்துவிட வேண்டாம். மாட்டை விற்கச் சொல்லி நாங்கள் வரவில்லை. கைச் சம்பளம் மாதக் கடைசி வரை காணாத வீட்டில் பால் காசுதான் பிள்ளையின் கொப்பி, புத்தகம், பஸ் செலவு. மாட்டையும் வைத்திருக்க வேண்டும், தண்ணியையும் காக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து முடியும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நம் ஆட்கள் வைத்திருக்கும் மாடு ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் 20 கிலோ சாணமும் 10 லீற்றர் மூத்திரமும் தரும். எட்டு மாட்டுக்கு நாளொன்றுக்கு 160 கிலோ சாணம். ஒரு வருசத்துக்கு 58 தொன்னுக்கு மேல். அந்தத் தோட்டத்தில் இத்தனையும் ஊற்றுக்கு மேலே ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டிருந்தது.

இன்னும் ஒன்று. சாணத்தை விட மூத்திரத்தில்தான் நைதரசன் செறிவாக இருக்கிறது. அதில் இருப்பது பெரும்பாலும் யூரியா. மலைக்கு மூட்டையில் வரும் அதே யூரியா. சாணத்தையும் மூத்திரத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு மாடு வருசத்துக்குச் சுமார் 50 கிலோ நைதரசன் தருகிறது. 50 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 23 கிலோ நைதரசன். அப்படியானால் ஒரு மாடு வருசத்துக்கு இரண்டு மூட்டை யூரியா தருகிறது. எட்டு மாடு பதினாறு மூட்டை. யாராவது பதினாறு மூட்டை யூரியாவை வாங்கி ஊற்றுக்கு மேலே கொட்டி மழையில் நனைய விடுவோமா? குவியலைத் திறந்த வெளியில் போட்டு வைப்பது கிட்டத்தட்ட அதற்குச் சமம். 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது ஒரு கூடைச் சாணிக்கு எவ்வளவு மவுசு வந்தது என்பதை நாம் மறக்கவில்லை. மழையில் கரைந்து போகும் எரு நமக்கு நட்டம், கீழ் லயத்துக்கு நோய்.

எருவும் புல்லும்

எருப் போடுவதற்குப் புல்லு நிலம் நல்ல இடம்தான். வெறும் நிலத்தை விடப் புல்லு நிலம் மேல். புல்லின் வேர் மண்ணைப் பிடிக்கும், ஆண்டு முழுவதும் நைத்திரேற்றை உறிஞ்சும். கினி, நேப்பியர், கோ-3 போன்ற புல் வகைகள் நன்றாகவே சாப்பிடும். ஆனால் அளவு வேண்டும்.

நாம் புல் அறுக்கும் முறையைப் பாருங்கள். ரோட்டு ஓரம், கான் ஓரம், தேயிலைத் தொங்கல், பொச்சக்காடு என்று ஊரெல்லாம் அறுத்துத் தலையில் சுமந்து வந்து மாட்டுக்குப் போடுகிறோம். மலை முழுக்கச் சிதறிக் கிடந்த சத்து கடைசியில் சாணமாக ஒரே இடத்தில் வந்து சேர்கிறது. திரும்ப மலை முழுக்க யாரும் கொண்டு போய்ப் போடுவதில்லை. தொழுவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பத்து இருபது பேர்ச் பாத்தியில் கொட்டிவிடுகிறோம். பக்கத்துப் பாத்தி மூச்சுத் திணறுகிறது, தூரத்துக் காணி பட்டினி கிடக்கிறது.

ஐரோப்பிய நாடுகளிலும் இதே கதைதான் பெரிய அளவில் நடந்தது. வெளியிலிருந்து தீனி வந்தது, மாடு பெருகியது, எரு முழுவதும் பண்ணையைச் சுற்றிய புல்வெளியில் விழுந்தது. கிணறுகளில் நைத்திரேற்று கூடியது. 1991ஆம் ஆண்டு அவர்கள் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். நைத்திரேற்று ஆபத்து உள்ள இடங்களில் கால்நடை எருவிலிருந்து ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ நைதரசனுக்கு மேல் போடக் கூடாது என்பது பொது விதி. ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். நம் மாட்டுக் கணக்கில் ஏக்கருக்கு ஒரு மாட்டு எரு, கொஞ்சம் கூட. செங்குத்துச் சரிவிலும், தண்ணி ஊறி நிற்கும் நிலத்திலும், ஓடைக்கு அருகிலும் எருப் போடுவதற்குக் கட்டுப்பாடு வைத்தார்கள். எருவைச் சேர்த்து வைக்கத் தொட்டி கட்டச் சொன்னார்கள். அப்படிச் செய்தும் நிலத்தடித் தண்ணி உடனே தெளியவில்லை. உள்ளே போனது வெளியே வரப் பல வருடங்கள் ஆகும் இடங்கள் உண்டு. கெடுத்த பிறகு திருத்துவதை விடக் கெடாமல் பார்ப்பது சுலபம்.

நமது நாட்டில் புல் ஆண்டு முழுவதும் வளர்வதால் அவர்கள் அளவை விடக் கூடுதலாகத் தாங்கும். அதற்காக எட்டு மாட்டு எருவை இருபது பேர்ச்சில் கொட்டலாமா?

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, ஊற்றுக்கு மேலே எருக் குவியல் வேண்டாம். ஊற்றிலிருந்து குறைந்தது நூறு அடி தள்ளி, முடிந்தவரை ஊற்றுக்குக் கீழ்ப் பக்கமாகக் குவியுங்கள். மேலே வைப்பதைத் தவிர வேறு வழியே இல்லை என்றால் இன்னும் நல்ல தூரத்தில், பக்கவாட்டாக.

இரண்டாவது, குவியலுக்குக் கூரை. பழைய தகரம், றப்பர் சீட், பொலித்தீன், எது கிடைத்தாலும் சரி. அடியில் களிமண் இடித்துக் கெட்டிப்படுத்துங்கள், முடிந்தால் சீமெந்து பூசுங்கள். சுற்றி ஒரு சிறு வரம்பு கட்டினால் மழைத் தண்ணி உள்ளே வராது, சாணித் தண்ணி வெளியே போகாது.

மூன்றாவது, மூத்திரத்தைக் கானில் விடாமல் தொழுவத்துத் தரையில் சிறு வாய்க்கால் வைத்து ஒரு வாளியில் பிடியுங்கள். பல மடங்கு தண்ணி கலந்து மரக்கறிக்கும் புல்லுக்கும் வேரில் ஊற்றலாம்.

நான்காவது, பச்சைச் சாணியைக் கரைத்து ஊற்றாமல், இலை தழை வைக்கோலோடு அடுக்கி, இரண்டு மூன்று மாதம் உக்க விடுங்கள். இடைக்கிடை புரட்டுங்கள். சரியாக அடுக்கிய குவியல் உள்ளே கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அந்தச் சூட்டில் பெரும்பாலான கிருமிகள் சாகும்.

ஐந்தாவது, நேரம் பாருங்கள். புல் அறுத்துத் துளிர் விடும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். வானம் கறுத்திருக்கும்போது வேண்டாம். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் மே தொடக்கம் செப்டெம்பர் வரையான அடை மழை நாட்களிலும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபர் தொடக்கம் சனவரி வரையான பெரு மழை நாட்களிலும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஆறாவது, ஊற்றுக்கு ஒரு காவல். ஊற்றுக் கண்ணைச் சுற்றி வேலி அடைத்து மாடு, ஆடு, நாய் போகாமல் பாருங்கள். அதற்கு மேலே குறுக்காக ஒரு கான் வெட்டி மேல் மழைத் தண்ணியைப் பக்கமாகத் திருப்பிவிடுங்கள். நம் ஆட்களுக்குக் கான் வெட்டச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஏழாவது, மழைக் காலத்தில் குடிதண்ணியைத் தளதளவென்று கொதிக்க வைத்து, மூடி ஆற வைத்துக் குடியுங்கள்.

இடத்துக்கு எங்கே போவது?

"சொல்றது நல்லாத்தான் இருக்கு, இடத்துக்கு எங்கே போறது?" என்று ஓர் அம்மா இப்போது கேட்டார். உண்மையான கேள்வி. நூறு அடி தள்ளி வை என்று சொல்வது எமக்குச் சுலபம். லயத்து முதுகுக்கும் தேயிலை வரிசைக்கும் நடுவில் பத்தடிதான் இருக்கிறது. இஸ்தோப்பில் அடுப்பு, கொல்லையில் மாடு, அதற்குப் பின்னால் தேயிலை. காணி நம்முடையது அல்ல.

அதனால்தான் இது தனித்தனியாகச் செய்கிற வேலை அல்ல என்கிறோம். எட்டுக் குடும்பம் சேர்ந்து ஒரே எருக் குழிக்கு இடம் கேட்டால், எட்டுத் தடவை கேட்பதை விட அதற்குப் பலம் அதிகம். தோட்ட நிருவாகத்துக்கும் இதில் நன்மை உண்டு. உக்கிய எருவைத் தவறணைக்கும் புது நடுகைக்கும் எடுக்கலாம். கடிதத்தை எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பீலித் தண்ணியைச் சோதிக்கக் கேளுங்கள். மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை எடுக்கச் சொல்லுங்கள். வெயில் காலத்தில் மட்டும் எடுத்த மாதிரியை நம்பி இருக்க வேண்டாம்.

அந்தத் தோட்டத்தில் என்ன நடந்தது என்று சொல்லி முடிக்கிறோம். நாலு ஞாயிற்றுக்கிழமை இரண்டு லயத்தாரும் சேர்ந்து வேலை செய்தார்கள். கூடை கூடையாகச் சாணத்தைச் சுமந்து ஊற்றுக்குக் கீழே மாற்றினார்கள். கீழ் லயத்து இளைஞர்கள் மேல் கான் வெட்டினார்கள். தகரத்துக்குக் கேட்ட கடிதம் இரண்டு மாதம் மேசையில் கிடந்து, மூன்றாவது தடவை எல்லோரும் ஒன்றாகப் போய்க் கேட்ட பிறகுதான் கிடைத்தது. உடனே தண்ணி சரியாகிவிடவில்லை. அடுத்த மழைக்குப் பின் எடுத்த மாதிரியில் இன்னும் கிருமி இருந்தது. "இவ்வளவு பாடுபட்டும் பிரயோசனமில்லையே" என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். தேடிப் பார்த்ததில் மேலே உடைந்த மலசலகூடக் குழி ஒன்று அகப்பட்டது. கீழ் லயத்தார் முதலில் கேட்ட வசையில் கக்கூசும் இருந்தது நினைவிருக்கிறதல்லவா? அதையும் திருத்திய பிறகு எடுத்த மாதிரி சுத்தமாக வந்தது.

எட்டு மாடும் இன்னும் அங்கேதான் கறக்கின்றன. அந்த வருசத் தீபாவளிக்கு மேல் லயத்திலிருந்து கீழ் லயத்துக்குப் பலகாரத் தட்டு மறுபடி இறங்கியது.

இந்தக் கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பீலியிலிருந்து நூறு அடி மேலே ஏறிப் பாருங்கள். அங்கே என்ன கிடக்கிறது என்று பார்த்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் வந்து எமக்குச் சொல்லுங்கள். எமது உத்தியோகத்தர்கள் உங்களோடு சேர்ந்து ஏறத் தயார்.